ஊதா பாக்டீரியாவின் சவ்விலிருந்து மின்சாரம் வருமா?

உயிரிவேதியியல் படிக்கும் ஒரு மாணவி கேட்டது: "ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியாவின் சவ்வைத் தங்கத் தகட்டில் ஒட்டி வெளிச்சம் அடித்தால் மின்சாரம் வருகிறது என்று படித்தேன். அது எப்படி வருகிறது? கூரையில் வைக்கும் சோலார் பேனலுக்குப் பதிலாக என்றாவது இது வருமா? எங்கள் ஆய்வகத்திலேயே செய்துபார்க்க முடியுமா?"

மின்சாரம் வருகிறது, அதில் சந்தேகமே வேண்டாம். பேனலின் இடத்தை இது பிடிக்கும் என்று நான் நினைக்கவில்லை, ஏன் என்பதைக் கணக்குப் போட்டே காட்டுகிறேன். ஆய்வகத்தில் செய்யலாம். ஆனால் மீட்டரில் தெரிகிற மின்னோட்டம் உண்மையிலேயே பாக்டீரியாவிலிருந்து வந்ததுதானா என்று நிரூபிப்பதற்குத்தான் அதிக வேலை.

முதலில் எந்த பாக்டீரியா என்பதைப் பார்ப்போம். குளத்தின் அடியில், ஆக்சிஜன் எட்டாத சேற்றில், ஊதா பாக்டீரியா என்று ஒரு கூட்டம் வாழ்கிறது. மேலே மிதக்கும் பாசியும் செடியும் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தைப் பெரும்பாலும் உறிஞ்சிக்கொள்ளும். அவை விட்டுவைப்பது அகச்சிவப்பு. அந்த மிச்ச வெளிச்சத்தில்தான் இந்த பாக்டீரியாவின் பிழைப்பு. ஜெர்மன் உடலியலாளர் எங்கல்மான் 1883இலேயே, நுண்ணோக்கியின் கீழ் நிறமாலையை விழச்செய்து, இவை கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் பகுதியில் போய்க் கூடுவதைப் பார்த்தார். இவற்றின் பாக்டீரியோகுளோரோஃபில், அதாவது செடியின் பச்சையத்துக்கு உறவான நிறமி, 800 முதல் 900 நானோமீட்டர் வரையிலான ஒளியை விரும்பி எடுக்கும். ஊதா, சிவப்பு, பழுப்பு என்று நாம் பார்க்கும் நிறமெல்லாம் பெரும்பாலும் கரோட்டினாய்டுகளால் வருவது. ஆய்வகங்களில் அதிகம் புழங்கும் இனம் ரோடோபாக்டர் ஸ்பீராய்டிஸ்.

இங்கே ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். உப்பளப் பாத்திகளைச் சிவக்கவைக்கும் உப்பு விரும்பி நுண்ணுயிரிகளிலும் 'ஊதாச் சவ்வு' என்று ஒன்று உண்டு. அதில் இருப்பது பாக்டீரியோரோடாப்சின் என்ற வேறொரு புரதம். அது வெளிச்சத்தில் புரோட்டானைத் தள்ளும், எலெக்ட்ரானைத் தொடாது. இரண்டையும் ஒன்றென்று நினைத்துப் படித்தால் எதுவும் விளங்காது.

சரி, சவ்வுக்கு வருவோம். ஆக்சிஜன் குறையும்போது ரோடோபாக்டரின் உள்சவ்வு உள்நோக்கிக் குமிழ் குமிழாகப் பிதுங்குகிறது. செல்லை உடைத்தால் அந்தக் குமிழ்கள் கத்தரித்துக்கொண்டு தனித்தனி உருண்டைகளாக வெளியே வரும். குரோமட்டோஃபோர் என்று பெயர், விட்டம் 50 முதல் 60 நானோமீட்டர். அந்தச் சின்ன உருண்டைக்குள் ஒரு முழு ஆலையே இருக்கிறது. வெளிச்சத்தைப் பிடிக்கும் வளையங்கள் இரண்டு வகை: 800, 850 நானோமீட்டரில் உறிஞ்சும் வெளிவட்டம், 875இல் உறிஞ்சும் உள்வட்டம். உள்வட்டத்தின் நடுவில் வினைமையம், ஒளியின் ஆற்றலால் எலெக்ட்ரானைப் பிரிக்கும் புரதம். அப்புறம் எலெக்ட்ரானைக் கைமாற்றும் சைட்டோகுரோம் பிசி1 என்ற புரதம், செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியைத் தயாரிக்கும் நொதி, எலெக்ட்ரானைச் சுமந்து சவ்வுக்குள் நீந்தித் திரியும் சிறு மூலக்கூறுகளான குவினோன்கள்.

வினைமையத்தை முதன்முதலில் தனியே பிரித்தெடுத்தவர்கள் ரீடும் கிளேட்டனும், 1968இல். ரோடோசூடோமோனாஸ் விரிடிஸ் என்ற உறவினத்தின் வினைமையத்தை ஹார்ட்முட் மிஷெல் படிகமாக்கினார். அவரும் டைசன்ஹோஃபரும் ஹூபரும் அதன் அணு அமைப்பை 1985இல் வெளியிட்டு, 1988இல் வேதியியல் நோபல் பெற்றார்கள். சவ்வுக்குள் பதிந்திருக்கும் ஒரு புரதத்தின் வடிவத்தை இவ்வளவு துல்லியமாக மனிதர்கள் பார்த்தது அதுவே முதல் முறை.

அதற்குள் நடப்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பிரமிப்பாக இருக்கும். ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் இரண்டு பாக்டீரியோகுளோரோஃபில்கள் ஒளியின் ஆற்றலை வாங்குகின்றன. வாங்கிய சுமார் 3 பிக்கோவினாடிக்குள் (ஒரு பிக்கோவினாடி என்பது வினாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) ஒரு எலெக்ட்ரான் பக்கத்து மூலக்கூறுக்குத் தாவிவிடுகிறது. அடுத்த 200 பிக்கோவினாடியில் அது முதல் குவினோனுக்குப் போகிறது. அங்கிருந்து இரண்டாவது குவினோனுக்குப் போக 100 முதல் 200 மைக்ரோவினாடி. முதல் குவினோனிலிருந்து எலெக்ட்ரான் புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டுமானால் ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். அதாவது முன்னே போகும் வழி, திரும்பும் வழியைவிடப் பல நூறு மடங்கு வேகம். ஒவ்வொரு படியிலும் இதே ஏற்பாடுதான். அதனால் வினைமையம் உறிஞ்சும் 100 ஒளித்துகளுக்கு ஏறக்குறைய 100 எலெக்ட்ரான்கள் பிரிகின்றன. ரைட், கிளேட்டன் இருவரும் 1974இல் அளந்து காட்டியது இது.

இந்த 'ஏறக்குறைய 100 சதவீதம்' என்ற எண்தான் பல கட்டுரைகளின் தலைப்பாகிறது. அது எண்ணிக்கைக் கணக்கு, ஆற்றல் கணக்கு வேறு. 870 நானோமீட்டர் ஒளித்துகள் ஒன்றில் சுமார் 1.4 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் இருக்கிறது. எலெக்ட்ரான் இரண்டாவது குவினோனில் போய் உட்காரும்போது மிஞ்சுவது 0.45 அளவில்தான், மூன்றில் ஒரு பங்கு. மீதி மூன்றில் இரண்டு பங்கைக் கொடுத்துத்தான் 'திரும்பி வராதே' என்ற உத்தரவாதத்தைப் புரதம் வாங்கியிருக்கிறது. உயிர் வாழ அது நல்ல பேரம். மின்கலம் செய்ய நினைப்பவருக்குக் கிடைக்கும் மின்னழுத்தத்தின் உச்சவரம்பும் அங்கேயே ஓரளவு முடிவாகிவிடுகிறது.

இப்போது உங்கள் முதல் கேள்வியின் மையத்துக்கு வந்துவிட்டோம். பாக்டீரியாவுக்குள் இந்த எலெக்ட்ரான் எங்கே போகிறது? எங்கும் போவதில்லை. குவினோன் அதைச் சுமந்துபோய் சைட்டோகுரோம் பிசி1இடம் கொடுக்கும். அது சைட்டோகுரோம் சி2 என்ற சின்னப் புரதத்திடம் கொடுக்கும். சி2 அதைக் கொண்டுவந்து, எலெக்ட்ரானை இழந்து நிற்கும் அதே ஜோடியிடம் திருப்பிக் கொடுத்துவிடும். செக்கு மாடு மாதிரி எலெக்ட்ரான் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அந்தச் சுற்றில் ஆட்டி எடுக்கப்படுவது புரோட்டான். அது குமிழுக்குள் சேர்ந்து, வெளியே வரும் வழியில் ஏடிபி தயாரிக்கிறது. ஆக, இந்தச் சவ்வு மின்னோட்டத்தை வெளியே அனுப்பக் கட்டப்பட்டதே இல்லை. மின்முனை வைத்து நாம் செய்வது, அந்தச் சுற்றை ஓரிடத்தில் வெட்டி, ஒரு முனையில் எலெக்ட்ரானை எடுத்து, வெளிக்கம்பி வழியாக நடத்தி, மறுமுனையில் திருப்பித் தருவது. இந்தத் துறையின் சாதனைகளும் தோல்விகளும் எல்லாமே அந்த வெட்டை எவ்வளவு சுத்தமாகச் செய்கிறோம் என்பதில் இருக்கின்றன.

வெட்டாமலும் அளக்கலாம். 1970களின் நடுவில் மாஸ்கோவில் ஸ்குலாச்சேவ், டிராச்சேவ் குழுவினர் அதைச் செய்தார்கள். குரோமட்டோஃபோர்களைக் கொழுப்புப் படலத்தின் ஒரு பக்கத்தில் ஒட்டவைத்து, இரண்டு பக்கமும் மின்முனை வைத்து, வெளிச்சம் பட்டதும் சவ்வின் குறுக்கே மின்னழுத்தம் எழுவதை நேரடியாக வோல்ட்மீட்டரில் காட்டினார்கள். சவ்வு தானே ஒரு மின்னாக்கி என்பதற்கு அதைவிட நேரான சான்று வேண்டியதில்லை. ஆனால் அந்த அமைப்பின் மின்தடை மிக அதிகம். அதில் அளக்கலாம், எடுத்துப் பயன்படுத்த முடியாது.

மின்முனையிலேயே ஒட்டும் வழி 1980இல் தெளிவாகத் தெரிந்தது. அமெரிக்காவின் கொலராடோவில் ஜான்சன், சீபர்ட் இருவரும் டின் ஆக்சைடு பூசிய கண்ணாடியில் வினைமையப் புரதத்தைப் படலமாக உலர்த்தி ஒளிமின்னோட்டம் எடுத்தார்கள். அதன்பின் வந்தவர்கள் மின்முனையைக் கார்பன், தங்கம், வெள்ளி என்று மாற்றினார்கள். புரதத்தின் ஒரு முனையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தாலான வால் சேர்த்து எல்லாம் ஒரே திசை பார்த்து நிற்கும்படி செய்தார்கள். 2004இல் அமெரிக்காவின் எம்ஐடியைச் சேர்ந்த ஒரு குழு, பசலைக்கீரையின் 'ஒளி அமைப்பு 1' என்ற புரதத் தொகுதியையும் ரோடோபாக்டரின் வினைமையத்தையும் தண்ணீரே இல்லாத திடநிலைச் சாதனத்துக்குள் வைத்தது. உள்ளே உறிஞ்சப்பட்ட ஒளியில் சுமார் 12 சதவீதம் மின்னூட்டமாக மாறியது.

இவையெல்லாம் பிரித்தெடுத்த புரதம். நீங்கள் கேட்டது சவ்வு. அதற்கு எனக்குப் பிடித்த ஆய்வு 2010இல் ஆம்ஸ்டர்டாமின் வ்ரையே பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது, ராவுல் ஃப்ரேசெயின் குழுவுடையது. ரோடோபாக்டரின் சவ்வை எந்த வேதிப்பொருளும் பூசாத வெறும் தங்கத்தின் மேல் படியவிட்டார்கள். சதுர சென்டிமீட்டருக்கு 10 மைக்ரோஆம்பியர் மின்னோட்டம், சில நிமிடங்கள் சீராக வந்தது. தொடர்ந்து வெளிச்சம் அடித்தும் மூன்று நாள் வரை சவ்வு வேலை செய்தது, அதுவும் காற்றுபடும் நிலையில். நேரடி வெயிலைவிடப் பிரகாசமான ஒளியிலும் உள்வட்ட வளையம் அசையாமல் நின்றது. வெளிவட்ட வளையங்கள் மட்டும் ஒளி கூடக்கூட அணியிலிருந்து கழன்றுகொண்டன. மங்கல் வெளிச்சத்துக்கென்று உருவான உறுப்பு, பிரகாசத்தில் கழன்றுகொள்வது நியாயமாகவே படுகிறது.

அந்த 10 மைக்ரோஆம்பியர் எங்கிருந்து வருகிறது என்று ஒரு காகிதத்தில் போட்டுப் பாருங்கள். உள்வட்ட வளையத்தோடு கூடிய ஒரு வினைமையம் சுமார் 12 நானோமீட்டர் அகலம். ஒரு சதுர சென்டிமீட்டரில் ஒரே அடுக்காக நெருக்கி அடுக்கினால் ஏறக்குறைய 70,000 கோடி பிடிக்கும். ஒவ்வொன்றும் வினாடிக்கு 100 எலெக்ட்ரான் கைமாற்றினால், எலெக்ட்ரானின் மின்னூட்டத்தால் பெருக்க, 11 மைக்ரோஆம்பியர் வருகிறது. வேகத்தைப் பத்து மடங்காக்கினாலும் 110தான். நல்ல சிலிக்கான் கலம் முழு வெயிலில் சதுர சென்டிமீட்டருக்கு 40 மில்லிஆம்பியர், அதாவது 40,000 மைக்ரோஆம்பியர் அளவில் தரும். மேலும், அந்த ஒற்றை அடுக்கு தன் உச்ச நிறத்தில்கூட விழும் ஒளியில் நூற்றில் ஒரு பங்கைத்தான் பிடிக்கும். மற்றதெல்லாம் ஊடுருவித் தங்கத்தில் பட்டுத் திரும்பிவிடும். புரதத்திடம் குறையே இல்லை, ஆனால் அது மெல்லியது. அடுக்கைத் தடிமனாக்கலாமே என்றால், மேலடுக்கிலிருந்து எலெக்ட்ரான் தங்கத்துக்கு வர வழி இல்லை. புரதம் மின்கடத்தாப் பொருள்.

அதனால்தான் இடைத்தரகர்கள் வேண்டியிருக்கிறது. குதிரை இதயத்திலிருந்து எடுக்கும் சைட்டோகுரோம் சி எளிதில் கிடைக்கும், பாக்டீரியாவின் சி2க்குப் பதிலாள் போல நடந்துகொள்ளும். அது தங்கத்திலிருந்து எலெக்ட்ரானை வாங்கி ஜோடியிடம் கொடுக்கும். மறுபக்கம், தண்ணீரில் கரையும் குட்டைவால் குவினோன் எலெக்ட்ரானை வாங்கிக்கொண்டு எதிரே உள்ள மற்றொரு மின்முனைக்குப் போகும். ஆஸ்மியம் கோத்த பாலிமர்களையும் இந்த வேலைக்கு வைக்கிறார்கள், அவை புரதத்தைச் சுற்றி வலைபோல் படர்ந்து எலெக்ட்ரானைக் கைமாற்றிக்கொண்டே போகும். ஆம்ஸ்டர்டாம் குழுவினரே சைட்டோகுரோமைச் சேர்த்து, வெள்ளியின் மேற்பரப்பை நுண்துளைகளாகக் கரடுமுரடாக்கி, 100 மைக்ரோஆம்பியருக்கு மேல் எடுத்தார்கள். பரப்பு கூடியதும் ஒரு காரணம், வெள்ளியின் நுண்மேடுகள் ஒளியைத் தம்மருகே குவிப்பதும் ஒரு காரணம்.

தரகர் வந்தால் தரகுச் செலவும் வரும். எலெக்ட்ரானைச் சுமந்த குவினோன் அந்த மற்றொரு மின்முனை வரை போகாமல், பக்கத்திலேயே இருக்கும் தங்கத்தில் அதை இறக்கிவிடலாம். அப்போது மின்னோட்டம் கம்பி வழியே வராமல் கரைசலுக்குள்ளேயே சுற்றி முடிந்துவிடும். பாக்டீரியாவின் பழைய செக்கை வேறு பொருளில் நாமே மறுபடி கட்டிவிட்டோம் என்று அர்த்தம்.

குரோமட்டோஃபோருக்கென்றே இன்னொரு தடையும் உண்டு. அது மூடிய உருண்டை. வினைமையத்தின் குவினோன் பக்கம் வெளியே பார்க்கிறது, எலெக்ட்ரானை வாங்கும் ஜோடியின் பக்கம் உருண்டைக்கு உள்ளே இருக்கிறது. நாம் வெளியே ஊற்றும் சைட்டோகுரோம் சி உள்ளே போகாது. உருண்டை தங்கத்தில் ஒட்டித் தட்டையாகித் திறந்தால், அல்லது செல்லை உடைக்கும்போதே சில துண்டுகள் திறந்த தகடாக வந்தால்தான் அந்தப் பக்கம் கைக்கு எட்டும். ஒரே முறையில் தயாரித்த சவ்வு ஒரு நாள் நன்றாகவும் மறுநாள் மந்தமாகவும் மின்னோட்டம் தந்தால், நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான்.

அப்படியானால் பிரித்தெடுத்த புரதமே மேல் இல்லையா என்றால், ஆயுள் விஷயத்தில் சவ்வுதான் மேல். சோப்பு போன்ற கரைப்பான்களில் மிதக்கும் புரதத்தைவிடத் தன் சொந்தக் கொழுப்புக்குள் இருக்கும் புரதம் வெப்பத்தையும் ஒளியையும் நன்றாகத் தாங்கும். எலெக்ட்ரான் போக வழியின்றி அடைபடும்போது ஜோடி 'மும்மை நிலை' என்ற, ஆற்றல் தேங்கிய நிலைக்குப் போய், ஆக்சிஜனை வீரியமான வடிவத்துக்கு மாற்றி, அது புரதத்தையே அரிக்கும். பக்கத்தில் இருக்கும் கரோட்டினாய்டு அந்த ஆற்றலை வாங்கி வெப்பமாக விட்டுவிடுகிறது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீரூற்றில் கண்டெடுத்த தெர்மோகுரோமேஷியம் டெபிடம் போன்ற வெப்பம் தாங்கும் இனங்களின் மேல் பலர் ஆர்வம் காட்டுவதும் இந்த ஆயுள் கவலையால்தான்.

இரண்டாவது கேள்விக்கு இப்போது நேராகப் பதில் சொல்கிறேன். கூரைக்கு இது வராது. வெயிலிலிருந்து வீட்டுக்கு மின்சாரம் எடுப்பதுதான் நோக்கமானால் சிலிக்கானை வாங்குங்கள். உயிருள்ள செல்களை வைத்துச் செய்யும் தனித் துறை ஒன்று இருக்கிறது. அதில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தினர் அலுமினிய மின்முனையோடு நீலப்பச்சைப் பாசி வைத்து ஒரு சிறு கணினிச் சில்லை ஆறு மாதத்துக்கும் மேல் ஓட்டி 2022இல் அறிவித்தார்கள். செல் தன்னைத் தானே பழுதுபார்த்துக்கொள்ளும். பிரித்தெடுத்த சவ்வால் அது முடியாது. நீண்ட நாள் ஓட வேண்டியதற்கு முழு செல், என்ன நடக்கிறது என்று துல்லியமாகப் பார்ப்பதற்குச் சவ்வு. என் அனுபவத்தில் இந்தப் பிரிப்பு சரியாகவே வந்திருக்கிறது.

சவ்வு உண்மையில் பயன்படக்கூடிய இடம் உணரி. இரண்டாவது குவினோன் உட்காரும் குழியில் அட்ரசின், டெர்புட்ரின் போன்ற களைக்கொல்லிகள் போய் அடைத்துக்கொள்ளும். அடைத்ததும் மின்னோட்டம் விழும். எவ்வளவு விழுந்தது என்பதிலிருந்து தண்ணீரில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று கணிக்கலாம். பிரிட்டனின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் 2014 வாக்கில் ரோடோபாக்டரின் வினைமையத்தை வைத்தே இதைச் செய்து காட்டினார்கள். அட்ரசின் நம் ஊரில் மக்காச்சோளத்துக்கும் கரும்புக்கும் அடிக்கும் மருந்து. இங்கே மைக்ரோஆம்பியர் போதும், பத்து நிமிடம் வேலை செய்தால் போதும். பேனலுக்குக் குறையாக இருந்தவை எதுவும் இங்கே குறையில்லை. எல்லாக் களைக்கொல்லிக்கும் இது பேசாது என்பதையும் சொல்லவேண்டும். செடியின் 'ஒளி அமைப்பு 2' என்ற தொகுதியை முடக்கும் டையூரான் என்ற களைக்கொல்லி இந்த பாக்டீரியாவின் குழியில் சரியாக ஒட்டாது.

கடைசியாக, நீங்களே செய்வது. வளர்ப்பு எளிது. சிஸ்ட்ரோம் ஊடகம் என்ற வளர்ப்புக் கரைசலை மூடியிட்ட கண்ணாடிப் பாட்டிலில் வாய்வரை நிரப்பி, 30 டிகிரியில், வெளிச்சத்தில் வையுங்கள். என் முதல் வளர்ப்பு வெள்ளை எல்இடி விளக்கின் கீழ் நாள்கணக்கில் மந்தமாகவே கிடந்தது. அதே பாட்டிலைப் பழைய குண்டு பல்பின் முன் வைத்ததும் இரண்டே நாளில் அடர்ந்துவிட்டது. வெள்ளை எல்இடியில் அகச்சிவப்பு இல்லை, அதுதான் காரணம். குண்டு பல்பு கிடைக்காவிட்டால் சிசிடிவி கேமராவுக்கு இரவில் ஒளி தரும் 850 நானோமீட்டர் விளக்கு நன்றாகவே உதவும், வெளிவட்ட வளையத்தின் உச்சமும் அதுவே. கண்ணுக்குத் தெரியாததால் அந்த விளக்கை உற்றுப் பார்க்காதீர்கள். காற்றுப்புகாத பாட்டிலில் வளர்ந்தது பச்சை கலந்த பழுப்பாக இருக்கும். சிவந்து போனால் காற்று புகுந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

செல்லை அல்ட்ராசோனிக் கருவியால் பனிக்கட்டியில் வைத்தே உடைத்து, குறைந்த வேகத்தில் சுழற்றிக் கசடை நீக்கி, மேல்நீரை அல்ட்ரா சென்ட்ரிஃபியூஜில் போட்டால் சவ்வு அடியில் தங்கும். இந்தக் கருவி பெரும்பாலான கல்லூரிகளில் இருக்காது. பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் ஒரு மதியம் நேரம் கேட்டு வாங்குங்கள். கிடைத்த சவ்வில் ஒரு துளியைச் சுத்தமான தங்கத்தின் மேல் வைத்து, இருட்டில், குளிர்ச்சியில் படியவிட்டு, ஒட்டாததைக் கழுவிவிட்டு, மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தி மின்னோட்டத்தை அளக்கும் பொட்டென்ஷியோஸ்டாட்டில் மூன்று மின்முனை அமைப்பாக இணைக்க வேண்டும்.

இனிதான் கவனம் தேவை. வெளிச்சம் போட்டதும் மீட்டரில் ஒரு கூர்மையான முள் எழும், பின் அது தணிந்து ஒரு மட்டத்தில் நிற்கும். முள் என்பது பெரும்பாலும் மின்னூட்டம் ஒரு முறை நகர்ந்து தேங்கியது. சுற்று உண்மையில் ஓடுகிறது என்பதைச் சொல்வது அந்த மட்டம். முள்ளின் உயரத்தை மின்னோட்டமாக எழுதும் கட்டுரைகளை நான் பார்த்திருக்கிறேன், நீங்கள் அப்படி எழுதாதீர்கள். அடுத்து, சவ்வே இல்லாத வெறும் தங்கத்தை அதே கரைசலில், அதே வெளிச்சத்தில் அளக்கவும். குவினோன்கள் புற ஊதாவிலும் நீல ஒளியிலும் தாமாகவே வினைபுரியும், விளக்கின் சூடும் மின்முனையைக் கொஞ்சம் அசைக்கும். கொதிக்கவைத்த சவ்வை ஒட்டி ஒரு முறை அளக்கவும். ஓடிக்கொண்டிருக்கும் நல்ல சவ்வில் டெர்புட்ரின் ஒரு சொட்டு விட்டு மட்டம் இறங்குகிறதா என்று பார்க்கவும்.

இவற்றையெல்லாம்விட உறுதியான சோதனை நிறமாலை. குறும்பட்டை வடிகட்டிகளை மாற்றி மாற்றி, ஒவ்வொரு அலைநீளத்திலும் விழும் ஒளியின் அளவைச் சமன்செய்து, மின்னோட்டத்தை ஒரு வரைபடமாக வரையுங்கள். 800, 850இல் இரண்டு மேடுகளும், 875இல் ஒரு தோளும் எழுந்து, 700க்கும் 750க்கும் நடுவே பள்ளம் விழுந்தால், உங்கள் கம்பியில் ஓடுவது அந்தச் சவ்வின் எலெக்ட்ரான்தான்.